பிள்ளைகளை எடைபோடச் சொன்ன சுற்றறிக்கை

சுற்றறிக்கை எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். பொருள், பார்வை, நகல் என்று மூன்று தலைப்பைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பழைய கோப்பைப் பார்த்து எழுதிவிடலாம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லித்தர இந்த முட்டிவலியோடு மாடியேறி வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நாம் அனுப்புகிற தாள் ஊருக்குள் போய் என்ன செய்கிறது என்று நான் ஒரே ஒரு நாள் நேரில் பார்த்தேன். அந்த நாளைத்தான் சொல்லப்போகிறேன். குறிப்பெடுக்க வேண்டாம், காதைக் கொடுங்கள், போதும்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் கிளார்க். சுற்றுவட்டாரத்து ஆரம்பப் பள்ளி வாத்தியார்களுக்கு அறிவிப்பு அனுப்புகிற பிரிவு. எந்த ஆபீஸ், யார் அதிகாரி என்பதெல்லாம் வேண்டாம். அவர்களில் யாராவது உங்களுக்குப் பெரிய மாமனாராக இருந்து தொலைப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு வேலூர்ப் பக்கம் வேலை. நானும் என் மகள் வசந்தாவும் வாடகை வீட்டில் இருந்தோம். ஆபீஸுக்கு அடுத்த தெருவில் இருந்த பள்ளிக்கூடத்தில் அவள் இரண்டாம் வகுப்பு.

அப்போது அறிவிப்பு என்றால் ஸ்டென்சில் வெட்டி, மை ரோலரை உருட்டி எடுக்கிற தாள். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சாமான் வாங்க வருகிற வாத்தியார்கள் ஆபீஸில் எட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். வராதவருக்கு, அவர் ஊர் ஆள் யாராவது சந்தையில் அகப்பட்டால் மடித்துக் கொடுத்துவிடுவோம். வழியில் நாலு பேர் பிரித்துப் பார்ப்பார்கள். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்வான். ஊர் போய்ச் சேருவதற்குள் அதற்குக் கண், காது, மூக்கெல்லாம் முளைத்துவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் அனுப்பினோம்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் உயரமும் எடையும் எடுத்து அனுப்ப வேண்டும். மெலிந்த பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டோடு பால் கொடுப்பார்கள். நல்ல விஷயம். நான் அதை அப்படியே எழுதி மேனேஜரிடம் வைத்தேன். அவர் பால் என்கிற வரியை மட்டும் சிவப்பு மையில் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டத மட்டும் எழுதும்மா. ஏன்னு எழுதாத. பாலுன்னு எழுதிட்டு நாளைக்கு பாலு வரலைன்னா, வாசல்ல வந்து நிக்கிற ஜனத்துக்கு நீ பதில் சொல்வியா?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. அதற்கு முந்தின வருஷம் இலவச சிலேட்டு வரப்போகிறது என்று ஓர் அறிவிப்பில் போட்டுவிட்டு, சிலேட்டும் வராமல், ஊர் ஊராக வந்து கேட்டவர்களிடம் பாவம் அந்த மனுஷன்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். சூடு கண்ட பூனை. எனக்கும் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. ஆக, போன தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் எடையையும் அளந்து, பெயரோடு, உடனடியாக அனுப்ப வேண்டியது. தாமதம் கூடாது.

அதே சமயத்தில் செஞ்சிக்குக் கிழக்கே ஆற்றில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பெரிய மழை. இறக்கி வைத்த தூண் ஒன்று சாய்ந்துவிட்டது. போதாதா? ஆறு பலி கேட்கிறது, பிள்ளை வேண்டுமாம், ஜீப்பில் வந்து பிடித்துக்கொண்டு போகிறார்களாம் என்று சந்தை முழுக்க இதே பேச்சு. நான் கேட்டுச் சிரித்துவிட்டு, கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பாலத்துப் பேச்சும் எங்கள் தாளும் ஒரே சந்தையிலிருந்து ஒரே வண்டியில் ஊருக்குப் போகின்றன என்று யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை, பதினொரு மணி தாண்டியிருக்கும். கடைத்தெருவில் மளிகைக் கடையும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரமும் வைத்திருந்த ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். பரம்பரைக் கடைக்காரர், வேட்டி கசங்கி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு மேல்துண்டு எங்கே போனது என்றே அவருக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது இது.

மண்டகப்பட்டு தாண்டி உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே மல்லாட்டை வாங்க இவருக்கு ஒரு கொட்டகை உண்டு. அந்த ஊர் வாத்தியார் எங்கள் தாளைப் பார்த்துவிட்டு, எடைபோட எதுவும் இல்லாமல், கொட்டகையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசைக் கேட்டு வாங்கிப் பள்ளிக்கூடத்து வாசல் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு தட்டில் பிள்ளை, இன்னொரு தட்டில் இரும்புப் படிக்கல். உயரத்துக்கு அளவு நாடா இல்லை. பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் கரியால் ஒரு கோடு, பக்கத்தில் பெயர். புல்லுக்கட்டோடு அந்த வழியே வந்த ஒருத்தி, தன் மகன் தராசில் உட்கார்ந்திருப்பதையும் சுவரில் கரிக்கோடும் எழுத்துமாக இருப்பதையும் பார்த்துவிட்டாள். கட்டைப் போட்டுவிட்டுக் கத்தியிருக்கிறாள். ஊர் கூடிவிட்டது. எதுக்குடா எங்க பிள்ளைகளை நிறுக்கிற, பாலத்துப் பலிக்கா என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த வாத்தியார் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க, ஆபீஸ்ல உடனே கேட்டிருக்காங்க என்று.

அவ்வளவுதான். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, அவரை உள்ளே தள்ளி, வெளியே சங்கிலி போட்டுவிட்டார்கள். கூரைக் கொட்டகைப் பள்ளிக்கூடம். கொளுத்தினால் தானாக உண்மையைக் கக்குவான் என்று சிலர் பேசிக்கொண்டிருந்ததைக் கடைக்காரரின் வண்டிக்காரன் காதால் கேட்டுவிட்டு, பஸ் பிடித்து ஓடிவந்திருக்கிறான்.

அந்த வாத்தியாரை எனக்குத் தெரியும். சீயமங்கலம் பக்கத்துக் கூலிவீட்டுப் பிள்ளை. ஊருக்கு வெளியே இருந்த அவர் தெருவிலேயே வாத்தியார் பயிற்சிக்குப் போன முதல் ஆள். வேலையில் சேரும் கடிதம் வாங்க வந்தபோது, உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார். "நாற்காலி இன்னாத்துக்குப் போட்டிருக்குது, அழகு பாக்கவா?" என்று நான் அதட்டிய பிறகுதான் நுனியில் உட்கார்ந்தார். அவர் கையால் பிள்ளைகளின் தலையைத் தொட்டு நிமிர்த்தி நிறுத்தியதும் அந்த ஊர்க் கோபத்தில் பாதி என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பாலத்தைச் சொன்னார்கள்.

அதிகாரி கடலூரில் மீட்டிங். ஜீப் மட்டும் வாசலில் நின்றது. மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. ஜீப்பை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பலாம் என்றார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

வேண்டாம் என்றேன். ஜீப்பில் வந்து பிள்ளை பிடிக்கிறார்கள் என்பதுதான் வதந்தியே. ஊர் எல்லையில் ஜீப் சத்தம் கேட்டால் முதலில் கூரைதான் எரியும். போலீஸ் உள்ளே நுழைந்து சங்கிலியைக் கழற்றுவதற்குள் என்ன மிஞ்சும்? மிஞ்சினாலும், தடியடி பட்ட ஊரில் எந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் வரும்? இதையெல்லாம் படபடவென்று சொல்லிவிட்டு, நான் பஸ்ஸில் போகிறேன், சாயங்கால பஸ்ஸில் நான் திரும்பவில்லை என்றால் போலீஸை அனுப்புங்கள் என்றேன்.

"நான் போகச் சொல்லலம்மா," என்றார் மேனேஜர்.

"நீங்க சொல்லல சார். நானா போறேன்."

"போகாதன்னும் சொல்லல," என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். நாற்பது வயதுக்கு மேல் அரசாங்க வேலையில் இருக்கிறவனுக்கு அதற்கு மேல் தைரியம் கேட்டால் எங்கே போவான்? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைக்காரரையும் விடவில்லை. தராசு உங்களுது, நீங்களும் வாங்க என்றேன். அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் வந்தார், இதை அவர் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

போகிற வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளை பிடிக்கிறவள் சொந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாளா? இடுப்பில் குழந்தையோடு வருகிறவளை யாரும் அடிக்கவும் மாட்டார்கள். நேராக வசந்தாவின் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவசரம் என்று டீச்சரிடம் சொல்லி அவளை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கம்மா போறோம் என்று கேட்டாள். பேசாம வா என்றேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

மண்டகப்பட்டு தாண்டி இறங்கி, வரப்பில் நடந்தோம். கடைக்காரர் முன்னால், நான் பின்னால், வசந்தா என் கையில். ஊர் நெருங்க நெருங்கச் சத்தம் கேட்டது. அது சண்டைச் சத்தமாக இருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. நிறையப் பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்து வாசலில் ஊரே நின்றது. வேப்பமரத்தில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரிக்கோடுகள், பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள். எழுதினவர் என் ஆபீஸுக்காக எழுதினார் என்று தெரிந்தும் எனக்கே ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. படிக்கத் தெரியாத தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்களைப் பார்த்ததும் கூட்டம் திரும்பியது. கடைக்காரரைப் பார்த்தவுடன் ஒருவன், "வந்துட்டான் பாரு தராசுக்காரன். வெலை பேச வந்தியா?" என்றான். கடைக்காரர் வாயைத் திறந்தார். ஒருவன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான், விழுந்து எழுந்தார்.

நான் முன்னால் போய், ஆபீஸிலிருந்து வருகிறேன், வாத்தியார்மேல் தப்பில்லை, அளக்கச் சொன்னது நாங்கள்தான் என்றேன். இப்போது உங்களிடம் சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. அங்கே நின்ற ஜனத்தின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? அளக்கச் சொன்னவளே வந்துவிட்டாள்!

அந்தப் புல்லுக்கட்டுக்காரி முன்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மகனை இடுப்பில் இடுக்கியிருந்தாள். ஏழெட்டு வயதுப் பையன், காலிரண்டும் அவள் முழங்கால் வரை தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கிவிட அவளுக்கு மனசில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, வசந்தாவைப் பார்த்தாள்.

"இது யாரு வூட்டுப் புள்ள?"

என் பிள்ளை என்றேன்.

"எந்த ஊர்ல புடிச்ச?"

என் யோசனை எவ்வளவு அழகாகத் திரும்பி என்னையே கடிக்கிறது பார்த்தீர்களா? வரும் வழியில் எங்கேயோ பிடித்த பிள்ளை என்று நினைத்துவிட்டாள். கடைக்காரர், அது அவங்க பொண்ணுதாம்மா, எனக்குத் தெரியும் என்று பின்னாலிருந்து சொன்னார். நீ சும்மா கெட என்று நாலு குரல் வந்தது. அவர் சாட்சி அங்கே செல்லாது.

அந்தப் பெண் குனிந்து வசந்தாவின் முகவாயைப் பிடித்தாள். அவள் குரல் வசந்தாவிடம் பேசும்போது மட்டும் குழைந்தது. "பயப்படாத கண்ணு. உன் நைனா பேரு இன்னா? இது யாரு உனக்கு?"

வசந்தா பேசவில்லை.

மறுபடி கேட்டாள். வசந்தா அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கூட்டம் நெருங்கிவிட்டது. என் முதுகில் யாரோ கை வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாத்தியார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒருவன் கூரையோரம் போய் நின்று இடுப்பில் வத்திப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். வசந்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

"யம்மா, சொல்லேன்டி," என்றேன். மரம் மாதிரி நின்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "வாயில இன்னாடி கொழுக்கட்டையா வெச்சிருக்குது? வூட்ல நாள்பூரா வாய் ஓயாது, அக்கம்பக்கத்து வம்பெல்லாம் பேசுவ, இங்க வந்து ஊமை வேஷம் போடுறியா? பெத்த வயித்துல பிரண்டையத்தான் வெச்சிக் கட்டணும். காலைல தலைய பின்னி விட்டேனே, அதுக்கு இதுதான் மரியாதையா? மூக்கத் துடைடி மொதல்ல!" என்று சொல்லிக்கொண்டே என் முந்தானையால் அவள் மூக்கை நானே அழுத்தித் துடைத்தேன்.

பிறகு அந்தப் புல்லுக்கட்டுக்காரி மகனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"பெத்தவதான். வேற எவ நாலு பேர் எதுருல இப்படித் திட்டுவா?"

பின்னால் ஒரு கிழவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஆளுக்கு ஆள் போய்ச் சேர்ந்தது. என் முதுகில் இருந்த கை எடுபட்டது. கூரையோரம் நின்றவன் வேட்டியை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இந்தப் பக்கம் வந்தான். ஆனால் இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சிரித்த கூட்டம் மறுபடி முறைக்க ரொம்ப நேரம் ஆகாது. அதற்குள் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். பால் கொடுப்பதற்காக அளக்கிறோம், மெலிந்த பிள்ளைகளுக்கு மதியம் பால், அதற்குத்தான் எடை என்றேன்.

"பாலா?" என்றாள் அந்தப் பெண். "அத ஏன் அந்த ஆளு சொல்லல?"

"அவருக்கு நாங்க சொல்லல."

"ஏன் சொல்லல?"

மேனேஜர், சிலேட்டு, வாசலில் நிற்கிற ஜனம், இதெல்லாம் என் வாய் வரைக்கும் வந்தது. அந்தத் தாயின் முகத்துக்கு முன்னால் அதில் ஒன்றைக்கூட எடுத்து வைக்க முடியவில்லை. சொல்லியிருக்கணும் என்றேன்.

அவள் தராசைக் காட்டினாள். "அப்ப உன் புள்ளைய மொதல்ல நிறு. அந்த ஆளே நிறுக்கட்டும். நாங்க பாக்கறோம்."

சங்கிலியைக் கழற்றினார்கள். வாத்தியார் வெளியே வந்தார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேராகத் தராசுக்குப் போய், ஆடிக்கொண்டிருந்த தட்டைப் பிடித்து நிறுத்தினார். உன் பேரென்ன பாப்பா என்று அவர் கேட்டதற்கும் வசந்தா வாய் திறக்கவில்லை, நான் சொன்னேன். அவளைத் தூக்கித் தட்டில் உட்கார வைத்தேன். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவர் இந்தப் பக்கம் ஒவ்வொரு படிக்கல்லாக வைத்தார். தட்டு மேலே எழும்பி சமமாக நின்றது. அப்புறம் சுவரோடு நிறுத்தி, தலையைத் தொடாமல் பலகையால் அளவு பார்த்து, ஒரு கோடு. பக்கத்தில் என் மகள் பெயர்.

ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை, ஜீப் வரவில்லை. அந்தப் பெண் தன் மகனை இடுப்பிலிருந்து இறக்கினாள். தானே கொண்டுபோய்த் தட்டில் உட்கார வைத்தாள். "ஒழுங்கா பாத்து எழுது வாத்தியாரே. என் புள்ள எளைச்சவன்," என்றாள். முதல் தடவையாக வாத்தியார் என்று கூப்பிட்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது நீங்களும் எங்களோடு வந்துவிடுங்கள், இரண்டு நாள் கழித்துப் போகலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் மறுத்துவிட்டார்.

"இன்னிக்கு நான் பஸ் ஏறிட்டேன்னா, அவங்க சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிடும்மா."

அந்த மனுஷனை அந்த ஊரில் விட்டுவிட்டு வர எனக்கு மனசே இல்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. மறுநாள் காலை அவர் மணியடித்துப் பள்ளிக்கூடம் திறந்தார். முதலில் பாதிப் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு எல்லோரும் வந்தார்கள். அவர் அங்கே பல வருஷம் இருந்தார். பால் வரத் தாமதமானது; மேனேஜர் பயந்தபடியே ஒரு கூட்டம் ஆபீஸ் வாசலில் வந்து கேட்டது, அந்தப் புல்லுக்கட்டுக்காரிதான் தலைமை. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! போய் நான்தான் பதில் சொன்னேன். இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன் என்றேன். திட்டினார்கள், மோர் வாங்கிக் குடித்தார்கள், போனார்கள். திட்டு வாங்கினால் ஆள் சாக மாட்டான். அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது அது. அதன் பிறகு என் கை எழுதின எந்த அறிவிப்பிலும் ஏன் என்கிற வரி இல்லாமல் போனதில்லை. சிவப்பு மையில் அடித்தவர்கள் அடித்தார்கள், நான் மறுபடி எழுதினேன்.

இதோடு முடித்துக்கொள்ளலாம். வீரதீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்த பஸ்ஸைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதிதான் சொன்னதாகும்.

கடைக்காரர் முன் சீட்டில் தூங்கிவிட்டார். வசந்தா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நானும் அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா."

"இன்னா?"

"என் எடை பத்தலையா?"

எதுக்குப் பத்தலை என்றேன்.

"பாலத்துக்கு. அதான் வேணான்னு திருப்பி அனுப்பிட்டாங்களா?"

அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பேச்சு தெரியும். எனக்குத்தான் அது அவள் காதுக்கும் போயிருக்கும் என்று தோன்றவில்லை. நடுவகுப்பில் வந்து இழுத்துக்கொண்டு போனேன். எங்கே என்று கேட்டதற்குப் பேசாம வா என்றேன். பஸ் ஏற்றி, தெரியாத ஊருக்குக் கொண்டுபோய், ஜனங்கள் நடுவில் நிறுத்தித் திட்டி, என் கையாலேயே தூக்கித் தராசில் வைத்தேன். இது யாரு உனக்குன்னு அந்தம்மா கேட்டப்ப ஏன்டி பேசல என்று பஸ்ஸில் அவளைக் கேட்டேன். அம்மான்னு சொன்னா, பெத்தவளே குடுக்குறான்னு எடுத்துக்குவாங்கன்னு பயந்தேன் என்றாள். அப்படி நினைத்துக்கொண்டும் அவள் ஓடவில்லை, அழவில்லை. நான் உட்கார வைத்தேன் என்பதற்காகத் தட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என் தங்கம்.

அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வாத்தியார் யார், ஊர்க்காரர்களுக்கு என்ன பயம், அவளை எதற்குக் கூட்டிப்போனேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன். செஞ்சி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். புரிகிறதா என்றேன். தலையாட்டினாள்.

பஸ் நின்றது. நான் முதலில் இறங்கி, அவளைத் தூக்கக் கையை நீட்டினேன். வசந்தா படியிலேயே நின்றுகொண்டு, "இப்ப எங்க போறோம்?" என்று கேட்டாள். வூட்டுக்கு என்றேன். எதுக்கு என்றாள். சோறு திங்க என்றேன். அதற்குப் பிறகுதான் இறங்கினாள்.